பழைய லேண்ட்லைன் நம்பரை விடாமல் வேறு கம்பெனி ஃபைபருக்கு மாற முடியுமா?

நாச்சியார்கோவில் விளக்கு

வணக்கம். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறையும் அதை ஒட்டி ஒரு கடையும் வைத்திருக்கிறோம். கடை லேண்ட்லைன் அப்பா காலத்து நம்பர். பெயர்ப்பலகை, பில் புக், விளக்கு வைக்கிற அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றிலும் அதுதான் அச்சாகியிருக்கிறது. வெளியூர்க் கோயில் அலுவலக நோட்டுகளில் இருப்பதும் அதுவே. கார்த்திகைக்கு முந்தைய இரண்டு மாதம் அந்தப் போன் ஓயாது.

லைன் இன்னும் செம்புக் கம்பிதான். ஐப்பசி மழை பிடித்தால் கொரகொர சத்தம். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்கால் தூர்வார ஜேசிபி வந்தால் கம்பியே அறுந்துவிடும். பிராட்பேண்டும் அதே கம்பியில் வருவதால் கடையில் நெட்டும் சேர்ந்து படுத்துவிடுகிறது. இப்போது எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கும் தம்பி ஒரு தனியார் ஃபைபர் கொண்டுவந்திருக்கிறார். நெட், போன் இரண்டுக்கும் ஒரே பில். “பழைய நம்பரையே போர்ட் பண்ணிக்கலாம் சார், செல்போன் மாதிரிதான்” என்கிறார்.

நிஜமாகவே முடியுமா? முடியாது என்றால் நம்பரையும் காப்பாற்றி நல்ல நெட்டும் வாங்க வேறு வழி உண்டா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

திருவாரூர் தேரடி

இந்தக் காலத்தில் லேண்ட்லைனுக்கு மாதாமாதம் காசு கட்டுவதே வீண் என்பது என் கட்சி. ஒரு செல் நம்பரைப் பலகையில் எழுதிவிடுங்கள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது கூடவே வரும். இப்போது யார் பெட்டியைத் திருப்பிப் பார்த்து டயல் செய்கிறார்கள்? எல்லோரும் கூகுள் மேப்தான்.

நாச்சியார்கோவில் விளக்கு

திருப்பிப் பார்க்கிறார்கள் சார். பல வருஷத்துக்கு முன்னால் வாங்கின விளக்குக்குப் பாலிஷ் போடவும், உச்சியில் இருக்கிற அன்னம் தொலைந்துபோனால் வேறு அன்னம் கேட்கவும் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பழைய நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். 2028 மகாமகத்துக்கு இப்போதே விசாரிக்கிறார்கள். செல் நம்பர் என்றால் அது என்னோடு அலையும். கடை நம்பர் கடையில் இருந்தால்தான் அப்பாவோ பட்டறை ஆளோ எடுத்துப் பேச முடியும்.

குடந்தை ஓய்வு

தொலைபேசித் துறையில் வேலை பார்த்து, 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வில் வெளியே வந்தவன் நான். அன்று நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் ஒரே நாளில் வந்தோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேபிள் தம்பி சொன்னது நடக்காது. நம்பரை எடுத்துக்கொண்டு கம்பெனி மாறும் வசதி நம் நாட்டில் செல்போனுக்கு மட்டும்தான். 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் தொடங்கினார்கள், 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் வந்தது. 2015 ஜூலை 3 முதல் ஒரு மாநிலத்து நம்பரை இன்னொரு மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம் என்றானது. லேண்ட்லைனுக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. ஒரு கம்பெனி லேண்ட்லைன் நம்பரை இன்னொரு கம்பெனி வாங்கிக்கொள்ள அவர்களுக்கு வழியே கிடையாது.

அந்தத் தம்பி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் தருகிற ஃபைபரிலும் லேண்ட்லைன் வரும், போன் பெட்டியில் சொருகினால் மணி அடிக்கும். ஆனால் அது அந்தக் கம்பெனியின் புது நம்பராக இருக்கும். போட்டு முடித்த பிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும்.

தஞ்சை ராஜவீதி

ஐயா, செல்லுக்கு முடிகிறது, லேண்ட்லைனுக்கு ஏன் முடியாது? இரண்டும் பத்து இலக்கம்தானே? டெக்னிக்கலாக என்ன தடை?

குடந்தை ஓய்வு

நல்ல கேள்வி தம்பி. கும்பகோணம் கோடு 0435. முன்னால் இருக்கும் சைபரை விட்டால் மூன்று இலக்கம், அதோடு ஏழு இலக்க நம்பர் சேர்ந்து பத்து. உங்கள் தஞ்சாவூர் 04362, அங்கே நான்கும் ஆறும் பத்து. மயிலாடுதுறை 04364, திருவாரூர் 04366, காரைக்கால் 04368 எல்லாம் இதே கணக்குதான்.

கோடு ஊரைச் சொல்கிறது. அதற்கு அடுத்த இலக்கம் கம்பெனியைச் சொல்கிறது: 2 என்றால் பி.எஸ்.என்.எல்., 4 என்றால் ஏர்டெல். வெளியூரிலிருந்து வரும் கால் இந்த இலக்கங்களைப் பார்த்தே எங்கே திரும்புவது என்று முடிவு செய்கிறது. நம்பரின் முகத்திலேயே கம்பெனி எழுதியிருக்கும்போது அதை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோனால் கால் பழைய இடத்துக்கே போய் நிற்கும்.

செல்லுக்கும் ஆதியில் இதே கதைதான். அங்கே ஒரு பொதுப் பதிவேடு உண்டாக்கினார்கள். நீங்கள் போர்ட் ஆன நம்பருக்குக் கூப்பிட்டால் உங்கள் கம்பெனி அந்தப் பதிவேட்டைப் பார்த்து, இப்போது இந்த நம்பர் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே அனுப்புகிறது. லேண்ட்லைனுக்கும் அப்படி ஒரு பதிவேடு போட முடியாதா என்றால், முடியும். பல நாடுகளில் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. இங்கே போடவில்லை, அவ்வளவுதான். லேண்ட்லைன் தேய்ந்துகொண்டே வரும்போது யார் செலவு செய்வார்கள் என்பது என் ஊகம்.

காரைக்கால் பாரீஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இருப்பது பாரீஸ் பக்கம், சொந்த ஊர் காரைக்கால். எங்கள் குடும்பம் மாதிரி தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையில் வந்தவர்கள் ஊரில் நிறையப் பேர்.

இங்கே லேண்ட்லைன் போர்ட் ஆகும். வீட்டுப் போனிலிருந்து 3179க்கு அடித்தால் ஆர்.ஐ.ஓ. என்று 12 எழுத்து கொண்ட ஒரு அடையாளக் குறி கொடுப்பார்கள். அதைப் புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் போதும், பழைய கம்பெனியை ரத்து செய்வதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாமே அவசரப்பட்டு முன்னால் ரத்து செய்துவிட்டால்தான் சிக்கல். அப்போதும் 40 நாளுக்குள் அந்த நம்பரைக் கேட்டு வாங்கலாம் என்று விதி இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து இன்னொரு மாற்றம்: பாரீஸ் நம்பரை வைத்துக்கொண்டு மார்செயில் குடியேறினாலும் அதே நம்பர் ஓடும்.

என் கேள்வி வேறு. ஊரில் அத்தை தனியாக இருக்கிறார். அவருடைய 04368 நம்பரை இங்கே கொண்டுவந்து என் இன்டர்நெட் போனில் மணி அடிக்க வைக்க முடியுமா? சித்தப்பா பையன் ஏதோ ஒரு பெட்டி வாங்கி வைத்தால் போதும் என்கிறான்.

குடந்தை ஓய்வு

பெட்டி வைக்கிற வேலைக்குப் போகாதீர்கள். வெளிநாட்டு இன்டர்நெட் காலை உள்ளூர் லைனிலோ சிம்மிலோ இறக்கிவிடும் பெட்டிகள் இங்கே சட்டவிரோதம், போலீஸ் கேஸ் ஆகும். சித்தப்பா பையனுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

உரிமம் பெற்ற கம்பெனிகள் ஆப் வழியாக லேண்ட்லைன் மாதிரி நம்பர் தரலாம் என்று 2018இல் அனுமதி வந்தது. அதே வருஷம் ஜூலையில் பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்று ஒன்றை வருஷத்துக்கு 1,099 ரூபாய் என்று அறிவித்தது. ஆனால் அதில் கிடைத்ததும் புது நம்பர்தான், அத்தை வீட்டு நம்பர் அதில் ஏறாது. அத்தைக்கும் உங்களுக்கும் நடுவே வாட்ஸப் போதும். நம்பர் ஊரில் மற்றவர்களுக்காக இருக்கட்டும்.

லண்டன் மன்னை

இங்கிலாந்தில் செம்புக் கம்பியில் வரும் பழைய போன் சேவையே 2027 ஜனவரியோடு முடிகிறது. போனைச் சுவரில் சொருகாமல் ரவுட்டரில் சொருகச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பர் 12 முதல் புதுக் கம்பெனியிடம் மட்டும் சொன்னால் போதும், பழையதை அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு முறை வந்திருக்கிறது. ஆனால் நம்பரும் வேண்டும் என்பதை ஆர்டர் போடும்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லவில்லை, பழைய நம்பர் போய்விட்டது.

திருவாரூர் தேரடி

பாரீஸ், லண்டன் எல்லாம் சரி, நாச்சியார்கோவிலுக்கு வாங்க.

குடந்தை ஓய்வு

வருகிறேன். விளக்குக் கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது, நம்பரையும் நெட்டையும் தனித்தனியாகப் பிரித்து யோசிப்பது. நெட் யாரிடம் வாங்கினாலும் நெட்தான், நாளைக்கே மாற்றலாம். நம்பர் அப்படி இல்லை. அது எந்தக் கம்பெனியின் கையில் இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும். சட்டப்படி அது நமக்குச் சொந்தமும் இல்லை. எண்கள் அரசின் வளம், கம்பெனிக்கு ஒதுக்குகிறார்கள், கம்பெனி நமக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது.

ஆகவே முதல் வழி, நம்பர் வைத்திருக்கும் அதே கம்பெனியின் ஃபைபருக்கு அதே நம்பரோடு மாறுவது. பி.எஸ்.என்.எல்.லில் செம்பிலிருந்து ஃபைபருக்குப் போகும்போது நம்பரை வைத்துக்கொள்ள வசதி உண்டு. பழைய எக்ஸ்சேஞ்ச் சுவிட்சிலிருந்து நம்பரை எடுத்துப் புதிய இன்டர்நெட் வகை சுவிட்சில் ஏற்றுவார்கள். வெளியிலிருந்து கூப்பிடுகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஃபைபர் இழுப்பது பெரும்பாலும் வருமானப் பங்கு அடிப்படையில் சேர்ந்த உள்ளூர் ஆட்கள். அவர்கள் ‘புதிய இணைப்பு’ என்று ஆர்டர் போட்டால் புது நம்பர் வந்துவிடும், பழையது தனியாகக் கிடக்கும். ஃபோனில் சொல்லி முடிக்காதீர்கள். வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு நேரில் போய், ‘இருக்கும் இணைப்பை இதே நம்பருடன் ஃபைபருக்கு மாற்றித் தரவும்’ என்று நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, ஆர்டர் விவரத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். பாக்கி பில் இருந்தால் முன்னதாகக் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் அங்கேயே நிற்கும்.

இரண்டாவது வழி, அந்தக் கம்பெனி ஃபைபர் உங்கள் தெருவில் இல்லையென்றால். நம்பரை இருக்கிற பிளான்களிலேயே மலிவானதில் போட்டுவிட்டு, நெட்டைக் கேபிள் தம்பியிடம் வாங்குவது. இரண்டு பில் வரும். போன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. உங்கள் தொழிலுக்கு அது பெரிய தொகை இல்லை என்று நினைக்கிறேன்.

எந்த வழியானாலும் ஒன்று: புது லைனில் பழைய நம்பருக்கு மணி அடித்து, நீங்கள் எடுத்துப் பேசிய பிறகுதான் பழையதைப் பற்றிய பேச்சே. அதற்கு முன்னால் எந்தத் தாளிலும் ‘சரண்டர்’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போடக் கூடாது.

திருவாரூர் தேரடி

கால் ஃபார்வேர்டு போட்டுவிட்டால்? லேண்ட்லைனுக்கு வருவது செல்லுக்குப் போகட்டும். லைன் செத்தாலும் கவலையில்லை.

குடந்தை ஓய்வு

இது நல்ல யோசனை, நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபார்வேர்டு நடப்பது எக்ஸ்சேஞ்சில், உங்கள் வீட்டுக் கம்பியில் இல்லை. கம்பி அறுந்து கிடந்தாலும் கால் செல்லுக்குப் போகும். லைன் செத்த பிறகும் சேவை மையத்தில் கேட்டு ஃபார்வேர்டு போட்டுவிட முடியும். அங்கிருந்து செல்லுக்குப் போகிற பகுதி உங்கள் கணக்கில் அவுட்கோயிங் காலாக விழும், பிளானில் இலவச கால் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாறுகிற அந்த இடைவெளிக்கு இதுதான் சரியான ஏற்பாடு. கார்த்திகைக்கு முன்னால் மாற்றுகிற எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், தை பிறந்ததும் செய்யலாம்.

தஞ்சை ராஜவீதி

நெட்வொர்க் வேலை பார்ப்பவன் என்ற முறையில் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் புகார் அங்கேதான்.

ஃபைபர் வந்து சேரும் சின்னப் பெட்டிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அதன் பின்னால் போன் சொருக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். நெட் கம்பி போகிற ஓட்டையை விடக் குறுகலானது. உங்கள் நம்பர் ஒரு எஸ்.ஐ.பி. கணக்காக, அதாவது இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் கணக்காக, அந்தப் பெட்டிக்குள் ஏற்றப்படும். நம்பர், ரகசியச் சொல், சர்வர் முகவரி மூன்றும் போட வேண்டும். நெட் மட்டும் போட்டுவிட்டு, ‘போன் நாளைக்கு வந்துடும் சார்’ என்று கிளம்புவார்கள். விடாதீர்கள். போன் விளக்கு பச்சையாக எரிகிறதா என்று பார்த்து, உங்கள் செல்லிலிருந்து அடித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

கடையிலிருந்து பட்டறைக்கு உள்ளே ஒரு எக்ஸ்டென்ஷன் போன் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த உள்வயரிங்கை அப்படியே பெட்டியின் போன் ஓட்டையில் கொடுக்கலாம். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் மின்சாரமும் பெட்டியின் மின்சாரமும் ஒரே வயரில் மோதினால் பெட்டி போய்விடும். இரண்டு மூன்று போனுக்கு மேல் மாட்டினால் மணி சரியாக அடிக்காது.

அப்புறம் அப்பா காலத்து சுழற்றும் டயல் போன் இருந்தால், பல ஓ.என்.டி.களுக்கு அந்த டிக் டிக் பல்ஸ் புரியாது. இன்கமிங் வரும், டயல் செய்ய முடியாது. பட்டன் போனிலும் அடியில் டோன், பல்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், டோனில் வையுங்கள். செல்லுக்கு அடிக்கும்போது முன்னால் சைபர் வேண்டும், அது 2021 ஜனவரி 15 முதல் எல்லா லேண்ட்லைனுக்கும் பொது. பழைய பேக்ஸ் மெஷினும், போன் லைனில் டயல் செய்கிற கார்டு மெஷினும் இன்டர்நெட் லைனில் மக்கர் செய்யும்.

வேதாரண்யம் அளம்

எல்லோரும் நெட் பக்கம் பேசுகிறீர்கள். கரண்ட் பக்கம் யாரும் பேசவில்லை. செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வருகிறது, வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் போன் பேசும். ஃபைபர் பெட்டிக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது எங்களுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில். செல் டவர் எல்லாம் படுத்துவிட்டது. எங்கள் தெருவில் நிலத்தடி கேபிளில் வந்த ஒரு வீட்டுப் போன், எக்ஸ்சேஞ்ச் பேட்டரி இருக்கிறவரைக்கும் பேசியது. தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் நின்றது. அதை வைத்து ‘செம்பே மேல்’ என்று நான் சொல்ல வரவில்லை, கம்பத்தில் வந்த லைன் எல்லாம் முதல் காற்றிலேயே விழுந்தது. ஃபைபர் போடுகிறவர்கள் ஒரு மினி யு.பி.எஸ். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட், அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்கினால் போதும்.

தஞ்சை ராஜவீதி

கூடவே ஒன்று. உங்கள் பெட்டிக்கு யு.பி.எஸ். இருந்து, கேபிள்காரர் பக்கத்து மெஷினுக்கு பேட்டரி இல்லையென்றால் பயன் இல்லை. இணைப்பு எடுக்கும் முன் “உங்க பக்கம் கரண்ட் போனா எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

மாயவரம் அக்கா

எனக்கும் இதே பிரச்சினை, ஒரு முடிச்சு கூடுதல். வீட்டு நம்பர் அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா இப்போது இல்லை. அம்மா பெயருக்கு மாற்றிவிட்டு ஃபைபர் போடுவதா, ஃபைபர் போட்டுவிட்டு மாற்றுவதா? தம்பி துபாயில், தங்கை சென்னையில். அம்மாவுக்கு அந்த நம்பர்தான் மனப்பாடம், செல்லை எடுத்தாலே கண்ணாடி தேடுவார்.

குடந்தை ஓய்வு

பெயரை முதலில் மாற்றுங்கள் அம்மா. ஃபைபர் ஆர்டருக்கு அடையாள அட்டை கேட்பார்கள், இல்லாதவர் பெயரில் அதைக் கொடுக்க முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், அப்புறம் மற்ற வாரிசுகள் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று கையெழுத்துப் போட்ட கடிதம். துபாய்த் தம்பியின் கையெழுத்தைத் தபாலில் வரவழைப்பதா, ஸ்கேன் போதுமா என்று உங்கள் ஊர் மையத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். டெபாசிட் எந்தப் பெயரில் தொடரும் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள்.

அம்மா சென்னைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சில மாதம் இருப்பார் என்றால், சேஃப் கஸ்டடி என்று ஒரு வசதி உண்டு. லைனைத் தற்காலிகமாக நிறுத்தி நம்பரை உங்கள் பெயரிலேயே வைத்திருப்பார்கள். பில் கட்டாமல் விட்டு, லைன் துண்டாகி, நம்பர் கைவிட்டுப் போவதை விட அது நல்லது.

திருவாரூர் தேரடி

லேண்ட்லைன் எதிர்ப்பாளனான நானே ஒன்று சொல்கிறேன். விளக்கு சார், உங்கள் லேண்ட்லைன் நம்பரிலேயே வாட்ஸப் பிசினஸ் தொடங்கலாம். எஸ்.எம்.எஸ். வராது, அதனால் ‘கால் மூலம் சரிபார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். லேண்ட்லைன் மணி அடிக்கும், எடுத்தால் ஆறு இலக்கம் சொல்லும், அதைச் செல்லில் போட்டால் முடிந்தது. அட்டைப்பெட்டியில் இருக்கிற அதே நம்பருக்கு விளக்கு போட்டோ அனுப்பி விலை கேட்பார்கள். என் மாமா அரிசி மில்லுக்கு அப்படித்தான் ஓடுகிறது.

தஞ்சை ராஜவீதி

அருமை. ஆனால் வாட்ஸப்பில் இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணையும் அன்றே போட்டுவிடுங்கள். அப்படி வாட்ஸப் ஏற்றிய நம்பர் கைவிட்டுப் போனால், பிறகு யாருக்கு ஒதுக்கப்படுகிறதோ அவர் அதே நம்பரில் வாட்ஸப் தொடங்கிவிடலாம்.

காரைக்கால் பாரீஸ்

லேண்ட்லைன் நம்பர் முறையையே மாற்றப்போகிறார்கள் என்று படித்தேனே? அப்போது அத்தை நம்பரும் மாறுமா?

குடந்தை ஓய்வு

2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு பரிந்துரை கொடுத்தது. இப்போது ஊருக்குள் கோடு இல்லாமல் அடிக்கிறோம். இனி ஒரு லேண்ட்லைனிலிருந்து இன்னொன்றுக்கு, பக்கத்து வீடாக இருந்தாலும், சைபர், கோடு, நம்பர் என்று முழுசாக அடிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம்பர் மாறாது, அடிக்கிற முறைதான் மாறும். நம்பர் ஒதுக்கும் கணக்கை ஊர் அளவிலிருந்து மாநில அளவுக்குக் கொண்டுபோவது நோக்கம். லேண்ட்லைன் போர்ட்டுக்கு அது கதவு திறக்குமா என்று என்னைக் கேட்டால், திறந்தால் சந்தோஷம். அதை நம்பி இன்றைக்கு யாரும் சரண்டர் செய்ய வேண்டாம்.

நாச்சியார்கோவில் விளக்கு

தாமதத்துக்கு மன்னிக்கவும், சீசன் முடிந்துதான் மூச்சு விட முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

கேபிள் தம்பியிடம் “போர்ட் ஆகும் என்று உங்கள் கம்பெனி லெட்டர்பேடில் எழுதித் தாருங்கள்” என்று கேட்டேன். ஆபீசில் கேட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பி வந்து புது நம்பர்தான் வரும் என்று ஒப்புக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை, பட்டறைக்கு அவரிடமே நெட் எடுத்துக்கொண்டேன். சிசிடிவி எல்லாம் அதில் போகிறது.

கடை நம்பரைக் குடந்தை ஐயா சொன்னபடி அதே கம்பெனியின் ஃபைபருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மாற்றுகிறவரை ஃபார்வேர்டு என் செல்லுக்கு. தை முதல் வாரம் பெட்டி மாட்டினார்கள், அதே நம்பரில் மணி அடித்தது. அப்பாதான் முதலில் எடுத்தார். சுழற்றும் போனைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டோம். தஞ்சைத் தம்பி சொன்ன மாதிரி அது டயல் செய்யவில்லை.

ஒரு சந்தேகம். குறிப்பிட்ட ஒரு செல் கம்பெனியிலிருந்து அடித்தால் மட்டும் ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்கிறது. மற்ற எல்லாவற்றிலிருந்தும் வருகிறது. இது யார் பக்கத்துக் குறை?

குடந்தை ஓய்வு

அந்தச் செல் கம்பெனி கால்கள் இன்னும் பழைய சுவிட்சைத் தேடிப் போகின்றன. உங்கள் பெட்டியைத் தொடாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை. எந்தச் செல் நம்பரிலிருந்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு அடித்தது, என்ன அறிவிப்பு கேட்டது என்று நாலைந்து கால் விவரத்தைக் குறித்து லேண்ட்லைன் கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். அதே விவரத்தோடு அந்தச் செல் இணைப்பு வைத்திருப்பவரும் அவருடைய கம்பெனிக்குக் கொடுக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். வாரம் தாண்டியும் சரியாகவில்லை என்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் பதியுங்கள், அங்கே பதிந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

நாச்சியார்கோவில் விளக்கு

இரண்டு பக்கமும் கொடுத்தோம் ஐயா, இப்போது வருகிறது. இன்று காலை அந்தக் கம்பெனி செல்லிலிருந்தே ஒரு வாடிக்கையாளர் கூப்பிட்டு ஐந்தடி விளக்குக்கு விலை கேட்டார்.

மன்னை ஒத்தத்தெரு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், முழுவதும் படித்தேன். என் மாமனார் இதே போர்ட் பேச்சை நம்பி போன வாரம் லேண்ட்லைனைச் சரண்டர் செய்துவிட்டார். 04367 நம்பர், மாமியார் அழாத குறை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

குடந்தை ஓய்வு

போன வாரம்தான் என்றால் முயற்சி செய்யலாம், ஆனால் நாளைத் தள்ளாதீர்கள். நம்பர் இன்னொருவருக்கு ஒதுக்கப்படுகிறவரைக்கும்தான் கேட்க இடமுண்டு. சரண்டர் ரசீது, கடைசி பில், மாமனாரின் ஆதார் எடுத்துக்கொண்டு அவரையும் அழைத்துக்கொண்டு நாளைக் காலை சேவை மையம் திறக்கும்போதே போங்கள். டெபாசிட் பணம் இன்னும் திரும்ப வரவில்லை என்றால் அதை நிறுத்தி வைக்கச் சொல்லி, ‘அதே நம்பரில் மீண்டும் இணைப்பு வேண்டும்’ என்று எழுதிக் கொடுங்கள். கவுன்டரில் முடியாது என்றால் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.